ஒரு பெயருக்கு இரு வடிவம்

விருதுநகரில் மிளகாய் வற்றலும் பருப்பும் வாங்கி விற்கும் வணிகர் ஒருவருக்காக, மாணவன் ஒருவன் கணினியிற் கணக்கு நிரல் எழுதுகின்றான் எனக் கொள்வோம். வாங்கிய தொகையைச் சேர்த்து வைக்கும் இடத்திற்குக் ‘கொள்முதல்’ எனத் தமிழிலேயே பெயரிடுகின்றான். அப்பெயர் ஒரு வரியில் ஒரு விசைப்பலகையாலும், மற்றொரு வரியில் வேறொன்றாலும் எழுதப்படுகின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும், நிரலைப் பொறிமொழியாக மாற்றும் தொகுப்பி, ‘இப்பெயரை அறியேன்’ என மறுத்தலும் உண்டு. சில மொழிகளில், மறுக்காமலே புதியதோர் இடத்தை வகுத்துத் தொகையைப் பிரித்து வைத்தலும் உண்டு. மறுப்பது நன்று; வாய் திறவாமற் கணக்கைக் கெடுப்பதே பெருந் தீங்கு. இதன் காரணம் யாது?

சிவகாசியின் அச்சுத்தொழிலை அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். ஈய எழுத்துக் கோத்த காலத்தில், ‘கொ’ என்பதற்கு ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என மூன்று அச்சுக்களை வரிசையாக வைத்தனர். 1991ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்கோடு முறையில் ககரமே முன்நிற்கும். அதன்பின் ஒகரக் குறி ஒன்றையே வைக்கலாம்; அன்றிக் கொம்பையும் காலையும் தனித்தனியே வைக்கலாம். யூடிஎஃப்-8 முறைப்படி இக்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலின், முன்னது 6 பைட்டும் பின்னது 9 பைட்டும் ஆகும். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவது, பைட்டுக்களை ஒப்பிடும் தொகுப்பிக்கு இரண்டாகின்றது.

இப்பிழை தீர வழியுண்டு. மூலக்கோப்பைப் படிக்கும்பொழுதே, பெயரைத் தன் பட்டியலிற் பதிவதற்கு முன், யூனிக்கோடு விதித்த ஒரே வடிவத்திற்குத் தொகுப்பி மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் வந்த பைத்தான் 3 அங்ஙனமே செய்கின்றது. பிறமொழி எழுத்துக்களாலாகிய பெயர்களை 2021ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ரஸ்ட் மொழியும் அவ்வாறே செய்கின்றது.

ஆயின், கோப்பு முழுவதையும் மாற்றிவிடுதல் தகாது. மேற்கோட்குறிக்குள் உள்ள சொற்கள் நிரலின் பெயர்களல்ல. அவை எழுதியவரின் உடைமை. அவற்றைத் தொகுப்பி தானே திருத்துமாயின், முன்னர்ச் சேமித்த வேறொரு கோப்பிலுள்ள அதே சொல்லோடு அவை ஒவ்வாமற் போதல் கூடும். ஆதலின், திருத்தம் பெயர்களோடு நிற்றல் வேண்டும்.

மாணவ நண்பர்களே, நம் எழுத்தின் இவ்வியல்பை நாமே நன்கு அறிவோம். ‘கொ’வை இருவகையாலும் எழுதிய சிறு சோதனைக் கோப்பொன்றை ஆக்கி, நீவிர் பயிலும் மொழியின் தொகுப்பியிடம் கொடுத்துப் பாருங்கள். அது தவறுமாயின், அக்கோப்பையே அதனை ஆக்குவோர்க்கு அனுப்புங்கள். பிழையை விளக்கும் நீண்ட கடிதத்தினும் அச்சிறு கோப்பு மிகவும் பயன்படும்.