சென்னையில் 'தோட்டக்கள்ளன்' நடமாட்டம்!

பூட்டை உடைப்பதில்லை, பால்கனியில் வந்து விழுகிறான்! துடைப்பத்தால் அடித்துவிடாதீர்கள்!

சென்னை, ஐப்பசி-

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தால் போதும், சென்னை நகரில் இந்தக் கள்ளனின் நடமாட்டம் சூடு பிடித்துவிடும். வருவது நள்ளிரவில். பூட்டை உடைக்க மாட்டான். ஓட்டைப் பிரிக்க மாட்டான். மொட்டை மாடி, பால்கனி, கார் ஷெட், மாடிப்படிக்கு அடியில் என்று கிடைத்த இடத்தில் புகுந்து மூலையில் ஒண்டிக்கொள்வான். விடிந்ததும் வீட்டம்மா துடைப்பத்தோடு வந்து நின்றால்கூட ஓட மாட்டான். திருதிருவென்று முழிப்பான், அவ்வளவுதான்.

போலீசுக்குப் போக வேண்டிய சங்கதி அல்ல இது. ஆசாமி ஒரு பறவை! தமிழில் 'தோட்டக்கள்ளன்' என்று பெயர். 'ஆறுமணிக் குருவி' என்றும் சொல்வார்கள். காலை 6 மணி வாக்கிலும் மாலை 6 மணி வாக்கிலும் இரண்டு சுருதியில் விசில் அடிப்பது போலக் கூவும். மற்ற நேரத்தில் வாயைத் திறப்பது குறைவு. ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் தத்தித் தத்தி ஒளிகிறதைப் பார்த்தால் கள்ளன் என்ற பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். ஆனால் பாவம், புழு பூச்சி தவிர வேறு எதையும் இது தொட்டதில்லை.

ஆள் அடையாளம்

உயரத்தில் மைனாவை விடச் சின்னது. நீளம் சுமார் 19 செ.மீ. எடை 50, 60 கிராம்தான். வால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. கால் மட்டும் நீளம்.

நிறத்தைக் கேட்டால்தான் ஆச்சரியம். முதுகு பச்சை. தோளில் பளிச்சென்று நீலம். நெஞ்சும் வயிறும் சந்தன நிறம். கழுத்து வெள்ளை. கண்ணை மூடினாற்போல் கறுப்புப் பட்டை. வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வடநாட்டில் இதற்கு 'நவரங்' என்று பெயர், அதாவது ஒன்பது நிறம்.

இலங்கையில் சிங்களவர்கள் ஒரு கதை சொல்வார்கள். இதன் அழகான உடையை மயில் இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பியே தரவில்லையாம். அதைக் கேட்டுத்தான் இந்தக் குருவி இன்றும் கூவிக்கொண்டிருக்கிறதாம். அந்தக் கதைப்படி பார்த்தால் இது கள்ளன் அல்ல, களவு கொடுத்தவன்!

எங்கிருந்து வருகிறது?

இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை இது. ஆனி, ஆடி மழையில் அங்கே குடும்பம் நடத்திவிட்டு, குளிர் தொடங்கும் முன்பே தெற்கே கிளம்பிவிடும். தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் காடுகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கும். ஒரு பகுதி கடல் தாண்டி இலங்கைக்கும் போகும்.

டேராடூன் பக்கத்தில் இருந்து சென்னைக்கு ரெயிலில் வந்தாலே உடம்பு வலி எடுத்துவிடும். நேர்கோட்டில் பார்த்தால் 2 ஆயிரம் கிலோமீட்டருக்கு நெருக்கம். அதை ஒரு கைப்பிடி குருவி சிறகடித்தே வந்து சேருகிறது. அதுவும் இரவில்தான் பறக்கும்.

இங்கேதான் வம்பு. வருகிற நேரத்தில் மழைக் காற்று குறுக்கே அடிக்கிறது. நகரத்து விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூச வைத்துத் திசை தப்ப வைக்கிறது. பழைய மாமரம், கிணற்றடி, வாழைத்தோட்டம் இருந்த இடத்தில் இப்போது நாலு மாடி அபார்ட்மெண்ட் நிற்கிறது. களைத்துப்போன பறவை எங்கே இறங்கும்? கண்ணாடி ஜன்னலில் மோதி பால்கனியில் விழுகிறது. இல்லையென்றால் ட்யூப்லைட் எரிகிற அறைக்குள் புகுந்துவிடுகிறது.

காக்கைப் பட்டாளம்

விடிந்தால் அடுத்த ஆபத்து. புதிய முகத்தைக் கண்டதும் காக்கைகள் சும்மா இருப்பதில்லை. ஒன்று கத்தும், பத்து வந்து சேரும். களைத்த குருவியை விரட்டி விரட்டிக் கொத்தும். வீட்டுக்கு வெளியே காக்கைகள் ஒரே இடத்தைச் சுற்றிக் காட்டுக் கத்தலாகக் கத்தினால், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். தொட்டிச் செடிக்கு அடியில் நமது ஆசாமி மாட்டிக்கொண்டிருக்கலாம்.

காக்கைக்குத் தப்பினால் பூனை. பூனைக்குத் தப்பி அறைக்குள் வந்தால் மின்விசிறி. இதையெல்லாம் தாண்டினால், கடைசியில் நமது இரக்கம்! உண்மையைச் சொன்னால் இதுதான் பல நேரம் குருவியின் கதையை முடிக்கிறது.

"ஐயோ பாவம், பசிக்குதோ என்னவோ" என்று சோற்றை உருட்டி வாயில் திணிப்பார்கள். பாலை ஊற்றுவார்கள். சோறும் பருப்பும் தின்கிற பறவை அல்ல இது. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போய்ச் சேரும். தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிக் கையில் மாற்றி மாற்றி வாங்கி செல்பி எடுப்பார்கள். வெளியே காயம் எதுவும் தெரியாது. பயத்திலேயே செத்துப்போகும்.

என்ன செய்யலாம்?

செலவில்லாத வைத்தியம்தான். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு துண்டைப் போட்டு மெதுவாக மூடி எடுங்கள். செருப்புக் கடை அட்டைப்பெட்டி ஒன்று போதும். காற்றுக்கு நாலு ஓட்டை போட்டு, அடியில் பழந்துணி விரித்து, உள்ளே விட்டு மூடிவிடுங்கள். இருட்டும் அமைதியும்தான் அதற்கு மருந்து. அடிக்கொரு தரம் திறந்து பார்க்கக் கூடாது. பூனையும் நாயும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

சில மணி நேரம் ஓய்வு கிடைத்தாலே பல குருவிகள் தேறிவிடும். பெட்டிக்குள் பரபரவென்று சத்தம் கேட்டால் ஆள் தயார் என்று அர்த்தம். ஆனால் பட்டப்பகலில் திறந்துவிட்டால் காக்கை கையில் ஒப்படைத்த மாதிரி. மாலையில் காக்கைகள் அடைந்த பிறகு, முழு இருட்டு ஆவதற்கு முன்னால், மரமும் சருகும் இருக்கிற இடமாகப் பார்த்துத் தரையில் பெட்டியைச் சாய்த்து வையுங்கள். அதுவே தத்திக்கொண்டு போய்விடும். தூக்கி எறிந்து பறக்க வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

சிறகு தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ கை வைத்தியம் வேண்டாம். கிண்டி வனத்துறை அலுவலகத்துக்கோ, வேளச்சேரி சாலையில் உள்ள புளூ கிராஸ் அமைப்புக்கோ கொண்டுபோங்கள். 1959ல் தொடங்கிய புளூ கிராஸ் நகரத்துக்குப் பழைய முகவரிதான். ஆட்டோக்காரரிடம் சொன்னாலே போதும்.

கூண்டில் வைத்தால் கம்பி!

'இத்தனை அழகாக இருக்கிறதே, கூண்டு வாங்கி வளர்த்தால் என்ன?' என்று சிலருக்கு ஆசை வரும். 1972ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1985ல் தீயில் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் குருவி, கிளி, மைனா எல்லாம் கூண்டு கூண்டாக விற்ற கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை விற்பதற்கு 1990-91லேயே முழுத் தடை வந்துவிட்டது.

சட்டம் கிடக்கட்டும். மண்ணைக் கிளறி, சருகைப் புரட்டி உயிருள்ள புழு தேடித் தின்கிற பறவைக்குக் கூண்டில் என்ன கிடைக்கும்?

நகரத்திலேயே பத்திரமாகத் தங்குகிற தோட்டக்கள்ளன்களும் உண்டு. கிண்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகம், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் எல்லாம் அவற்றின் குளிர்கால விலாசம். இந்த இடங்களின் ரகசியம் ஒன்றே ஒன்று: கீழே விழுந்த இலையைக் கூட்டிக் கொளுத்துவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் ஒரு மூலையில் சருகை விட்டுவைத்தாலும் விருந்தாளி வரலாம். நம் வீடுகளில்தான் விடிந்ததும் முதல் வேலை சருகைக் கூட்டுவது, இரண்டாவது வேலை நெருப்பு வைப்பது!

தோட்டக்கள்ளனோடு வேறு பலரும் இதே மாதங்களில் நகரத்துக்குள் வருகிறார்கள். மொட்டை மாடியில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் வாலாட்டிக் குருவி. மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான். வெள்ளை ரிப்பன் போல் நீண்ட வாலோடு பறக்கும் அரசவால் ஈப்பிடிப்பான்.

பள்ளிக்கரணைக்கு வரும் கூட்டம்

தண்ணீர்ப் பறவைகளின் கதை வேறு. அவை வீட்டுக்குள் வருவதில்லை, பள்ளிக்கரணைக்கு வருகின்றன. மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்தில் இருந்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் என்று கூட்டம் கூட்டமாக இறங்கும். தை பிறந்து தண்ணீர் வடிகிற சமயத்தில் பூநாரைகளும் வந்து நிற்கும். துரைப்பாக்கம்-பல்லாவரம் சாலையில் போகிறவர்கள் பைக்கை ஓரங்கட்டிப் பார்ப்பதை நாமே பார்க்கலாம். அந்தச் சாலையே சதுப்பு நிலத்தைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. பெருங்குடியில் பல ஆண்டுகளாக மாநகராட்சிக் குப்பை மலையாகக் குவிந்ததும் இதே சதுப்பு நிலத்தில்தான்.

2022ல் பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சுமார் 1,247 ஹெக்டேர். பட்டியலில் ஏறியதால் குருவிக்கு மட்டும் லாபம் என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்கள் படகில் ஏறியது யாருக்கும் மறந்திருக்காது. வாத்து இறங்குகிற தண்ணீர் நிற்க இடமில்லாமல் போனால், அது நம் வீட்டு ஹாலுக்குள் வந்து நிற்கிறது.

வெளியூர் ஏரிகளில் இன்னொரு கொடுமை. இருட்டில் வலை விரித்தும் கண்ணி வைத்தும் கொக்கு, மடையான் என்று சிக்கியதை எல்லாம் பிடித்து, கறிக்காக சாலையோரம் தொங்கவிட்டு விற்கிறார்கள். வாங்குகிறவர் இருப்பதால்தான் விற்கிறவர் இருக்கிறார். இதுவும் அதே 1972 சட்டத்தில் வரும் குற்றம்தான்.

பட்டாசு வெடிக்காத ஊர்

ஐப்பசி என்றால் தீபாவளி. வலசை வருகிற பறவைக்கு இதைவிடக் கஷ்டமான வாரம் இல்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தார், பறவைகள் பயந்து ஓடிவிடக் கூடாது என்று பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. சென்னையில் அப்படி எதிர்பார்க்க முடியாது. ராத்திரி 10 மணிக்கு மேல் மொட்டை மாடியில் வாணம் விடாமல் இருந்தாலே இந்த நகரத்துக்கு அது பெரிய காரியம்தான்.

ஒரு விஷயம் மட்டும் மறக்காதீர்கள். உங்கள் வீட்டில் விழுகிற பறவையின் காலில் சின்ன அலுமினிய வளையம் இருந்தால், அதைக் கழற்ற வேண்டாம். கோடியக்கரை போன்ற இடங்களில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பறவைகளைப் பிடித்து இப்படி எண் போட்ட வளையம் மாட்டி விடுகிறார்கள். எந்தப் பறவை எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பது அந்த எண்ணை வைத்துத்தான். எண்ணையும், பிடிபட்ட தேதியையும், தெருப் பெயரையும் ஒரு காகிதத்தில் குறித்து அந்தச் சங்கத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவித்துவிட்டு, சாயங்காலம் காக்கை அடைந்ததும் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.