டிவிடி ஓடுகிறது, சிடி ஏன் ஓடவில்லை?

மேசைக் கணினியின் டிவிடி டிரைவுக்கு ஒரு விசித்திரமான நோய் வருவதுண்டு. படம் உள்ள டிவிடியைப் போட்டால் ஒழுங்காக ஓடும். பாட்டு சிடியைப் போட்டால் மட்டும் 'விர்ர்' என்று சுற்றிவிட்டு, உள்ளே வட்டே இல்லை என்று சாதிக்கும். உடனே சிடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேறொரு கணினியில் அதே சிடி நன்றாகப் பாடினால், கோளாறு டிரைவில்தான்.

ஒன்றைப் படிக்கிற டிரைவு மற்றதை ஏன் மறுக்கிறது? அதற்குள் இரண்டு லேசர்கள் இருக்கின்றன!

1982-இல் விற்பனைக்கு வந்தது சிடி. அதன் பளபளப்பான பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் சுருள் பாதையாக, உள்ளிருந்து வெளியே போகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறக்குறைய 40 சுற்றுகள் அடங்கிவிடும்! அந்தப் பாதையைப் பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்குமேல் போகும்.

லேசர் ஒளி சமதளத்தில் பட்டால் பளிச்சென்று திரும்பும். பள்ளத்தில் பட்டாலோ, ஒளியின் ஒரு பகுதி கொஞ்சம் கூடுதல் தூரம் போய் வருகிறது. அந்தச் சிறு தாமதத்தால் ஓர் அலையின் முகடு இன்னோர் அலையின் அகட்டோடு மோதி, ஒளி மங்குகிறது. இந்த மாற்றங்களைத்தான் கணினி 0, 1 என்று படிக்கிறது.

டிவிடியில் சுற்றுகள் இன்னும் நெருக்கம்: 0.74 மைக்ரோமீட்டர். அதைப் படிக்க ஒளிப்புள்ளி சிறிதாக வேண்டும். அலைநீளம் குறைந்தால் புள்ளி சிறிதாகும். ஆகவே டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். சிவப்பை வைத்தே சிடியையும் படித்தால் என்ன? நாமே பதிவுசெய்கிற சிடிகளில் பூசிய சாயம் 780-க்கு ஏற்றது. சிவப்பு ஒளியைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதனால் இரண்டும் தேவை. வயதாகி ஒன்று மங்கினாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும்.

லென்ஸில் தூசி படிந்தாலும் டிரைவு தடுமாறும். தட்டு வெளியே வரவில்லை என்றால் பெரும்பாலும் லேசர்மேல் பழியில்லை. உள்ளே உள்ள ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். லேசரே மங்கிவிட்டால் புது டிரைவு மாட்டுவதுதான் வழி.

பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிரைவுக்குள் வட்டு இருந்தால் முதலில் எடுத்துவிட்டு, கணினியை அணைத்து மின்கம்பியைப் பிடுங்குங்கள். பக்கத் தகட்டைக் கழற்றியதும், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொடுங்கள். டிரைவின் பின்னால் இரண்டு 'சாட்டா' கம்பிகள்: அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தகவலுக்கு. இரண்டையும் உருவி, பக்கத் திருகுகளைக் கழற்றினால் பல பெட்டிகளில் டிரைவு முன்பக்கமாக நழுவி வரும். புதியதை அதே வழியில் தள்ளிப் பொருத்துங்கள். முனைகள் 'எல்' வடிவத்தில் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது.

பழைய டிரைவைப் பிரித்துப் பார்க்கக் கை பரபரக்கும். மின்சாரம் கொடுத்துக்கொண்டு ஒருபோதும் திறக்காதீர்கள். அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் இமைத்துத் தப்பவும் முடியாது. மின் இணைப்பு இல்லாமல் பெரியவரோடு திறந்தால், மெல்லிய கம்பிகளில் நிற்கும் குட்டி லென்ஸைத் தேடுங்கள். வட்டு ஆட ஆட, பக்கத்திலுள்ள காந்தங்களும் கம்பிச்சுருள்களும் அதை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி, ஒளிப்புள்ளியைப் பாதையிலேயே நிறுத்துகின்றன.