சத்துணவில் முட்டை... வாசலில் சிப்ஸ்! பிள்ளைகள் தெம்பாக வளர ஊர் மக்கள் என்ன செய்யலாம்?

மதியம் சத்துணவில் முட்டை. சாயங்காலம் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய் சிப்ஸ் பாக்கெட். வீட்டுக்கு வந்தால் கையில் செல்போன். நிறைய பிள்ளைகளின் பொழுது இப்படித்தான் போகிறது. அரசாங்கம் போடுகிற சாப்பாடு உடம்பில் ஒட்ட வேண்டும் என்றால், மிச்ச வேலையை ஊரும் தெருவும்தான் செய்ய வேண்டும்.

நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை

2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு கணக்கு, தமிழ்நாட்டு பெற்றோரை திடுக்கிட வைக்கும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேருக்கு வயசுக்கு ஏற்ற உயரம் இல்லை. 22 பேருக்கு வயசுக்கு ஏற்ற எடை இல்லை. 57 பேருக்கு ரத்தசோகை.

சோத்துக்கு வழியில்லாத வீட்டில் மட்டும்தான் இது என்று நினைத்தால் தப்பு. வயிறு நிறைவது வேற, சத்து சேருவது வேற. சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பது மாவு, எண்ணெய், உப்பு. அதை தின்றுவிட்டு வரும் பிள்ளை, ராத்திரி சோறும் கீரையும் வேண்டாம் என்று தட்டை தள்ளிவிடும். இரும்புச்சத்து குறையும். ரத்தம் குறைந்தால் வகுப்பில் தூக்கம் வரும், நாலு எட்டு ஓடினாலே மூச்சு வாங்கும். அதனால் விளையாட்டும் போகும்.

குடல் புழுவும் ஒரு திருடன்தான். செருப்பு போடாமல் அசுத்தமான மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு கால் வழியாகவே உடம்புக்குள் ஏறி ரத்தத்தை உறிஞ்சும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையை பிள்ளைகள் தவறாமல் சாப்பிட வேண்டியது இதற்காகத்தான்.

ஊர் கூடி வளர்த்த திட்டம்

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது தமிழ்நாட்டுக்கு புதுசு இல்லை. 1920லேயே சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சி பள்ளியில் மதிய உணவு கொடுக்கப்பட்டது. 1956ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவு திட்டத்தை தொடங்கி வைத்தார். அப்போது அடுப்பு எரிந்ததே ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி, பருப்பு, காய்கறி, பணத்தில்தான். பிறகு அரசு மானியம் வந்தபோதும் செலவில் ஒரு பங்கை ஊரே போட்டது.

1982 ஜூலை 1ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவு திட்டத்தை தொடங்கினார். 1989ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில் முதல்-அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் காலை உணவு திட்டத்தை தொடங்கினார். அந்த உப்புமா, கிச்சடி, பொங்கலை சமைக்கும் வேலை மகளிர் சுயஉதவிக்குழு பெண்களிடம் கொடுக்கப்பட்டது. அதே ஊர் பெண்களாக, அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களாக பார்த்து எடுத்தார்கள். தன் பிள்ளை சாப்பிடும் பாத்திரத்தில் கை வைக்கும்போது ருசியும் சுத்தமும் தானாக வரும் அல்லவா?

50 மீட்டர் சட்டம் தெரியுமா?

பல பெற்றோருக்கு தெரியாத விஷயம் இது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள தின்பண்டங்களை பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக்கூடாது. 2020ல் மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதி இது. 2021 ஜூலை முதல் அமலில் இருக்கிறது.

இதை கையில் எடுத்துக்கொண்டு பெட்டிக்கடைக்காரரிடம் சண்டைக்கு போக வேண்டாம். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. பெற்றோர் நாலு பேர் சேர்ந்து போய், "அண்ணே, பாக்கெட்டுக்கு பதிலா சுண்டல், அவிச்ச கடலை, கடலை மிட்டாய், கொய்யா வைங்க, நாங்களே வாங்குறோம்" என்று சொன்னால் கேட்கக்கூடியவர்தான். கேட்கவில்லை என்றால் உணவு பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம்.

தினம் 10 ரூபாய் பாக்கெட்டுக்கு கொடுத்தால் மாசம் 300 ரூபாய். அந்த காசில் வேர்க்கடலை வாங்கி வீட்டில் அவித்தால் பிள்ளைகளோடு பெரியவர்களும் சாப்பிடலாம்.

பி.டி. பீரியட் எங்கே போச்சு?

5 முதல் 17 வயசு வரை உள்ள பிள்ளைகள் தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது வேர்க்க விறுவிறுக்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியட்டை கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். வாங்கிய கடன் திரும்ப வருவதே இல்லை.

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். வயசுக்கு வந்ததும் "இனி தெருவில் என்ன ஆட்டம்?" என்று நிறுத்திவிடுகிறார்கள். ரத்தசோகைக்கு அதிகம் ஆளாகும் வயசும் அதுதான். எலும்பு உறுதிப்படும் வயசும் அதுதான்.

விளையாட்டு மைதானமும், விளையாட்டு சாமான்களும் பள்ளிக்கு கட்டாயம் வேண்டும் என்று 2009ம் ஆண்டு கல்வி உரிமை சட்டமே சொல்கிறது. கபடிக்கும் கோ-கோவுக்கும் காசு தேவையில்லை. நொண்டிக்கு கரித்துண்டு போதும். இடம்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

* பள்ளி மேலாண்மை குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்கு போய் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல் முட்டை, தண்ணீர், கழிவறை, பி.டி. பீரியட் பற்றி கேளுங்கள்.

* கிராமசபையில் விளையாட்டு திடல் வேண்டும் என்று தீர்மானம் போட சொல்லுங்கள். முள் மண்டிக்கிடக்கும் புறம்போக்கு இடம் நிறைய ஊரில் உண்டு.

* அங்கன்வாடியில் எடை பார்க்கும் நாளை தவறவிடாதீர்கள். வளர்ச்சி அட்டையில் பச்சையில் இருந்து மஞ்சளுக்கு இறங்கினால் உடனே அங்கன்வாடி ஊழியரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் பேசுங்கள்.

* பள்ளி வளாகத்தில் முருங்கை, பப்பாளி, கீரை போடலாம். தண்ணீர் ஊற்ற பிள்ளைகளே போதும். பறித்த கீரை அன்றைக்கே சாம்பாருக்கு போய்விடும்.

* சாப்பாட்டோடு டீ, காபி கொடுக்காதீர்கள். சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை அது உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நன்றாக சேரும்.

* சாயங்காலம் 5 மணி முதல் 6 மணி வரை தெரு பிள்ளைகள் விளையாட, தினம் ஒரு வீட்டு பெரியவர் என்று முறை வைத்து பார்த்துக்கொண்டால் போதும். பெண் பிள்ளைகளையும் பயமில்லாமல் அனுப்பலாம்.

ஆட்சிகள் மாறினாலும் அடுப்பு அணையாமல் எரிந்த ஊர் இது. தட்டில் விழும் சோறு தெம்பாக மாற, தெருவில் ஒரு மணி நேரமும், வாசல் கடையில் ஒரு தட்டு சுண்டலும் சேர்ந்தால் போதும். அதை எந்த அதிகாரியும் வந்து செய்துதர வேண்டியதில்லை.