ஒரே ஆட்டத்தை நம்பலாமா?

திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானம் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட் ஆட்டங்கள் பல அங்கே நடந்துள்ளன. 'திண்டுக்கல் டிராகன்ஸ்' அணி ஆடும் நாளில் நீங்களும் உங்கள் நண்பர்களும் வேறோர் ஆட்டம் ஆடலாம். அதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். ஆட்டம் தொடங்குமுன் ஆளுக்குப் பதினொரு வீரர்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் எடுக்கும் ரன்னும் விக்கெட்டும் உங்கள் கணக்கில் சேரும். கூடுதல் புள்ளி பெற்றவர் வென்றவர்.

இங்கிலாந்தின் கால்பந்து லீக்கை வைத்தும் இத்தகைய இலவச ஆட்டம் ஒன்று உண்டு. அதில் 15 பேரைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, வாரந்தோறும் 11 பேரை இறக்கவேண்டும். நான்கு பேர் வெளியே உட்கார வேண்டியதுதான். (பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடை செய்தது. நாம் பேசுவது காசில்லாத ஆட்டத்தைப் பற்றி.)

தாளில் தோற்றால் நமக்கு நட்டமில்லை. ஆனால் உங்கள் பள்ளி அணியிலும் இதே கேள்வி எழுகிறதல்லவா? போன ஆட்டத்தில் பூஜ்யத்தில் அவுட்டான நண்பனை இந்த வாரம் உட்காரவைப்பதா? அவனுக்கு அது பெரிய விஷயம். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சோதனை. தாயம் ஆடுவதற்காகப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்குவார்கள், பார்த்திருப்பீர்கள். அப்படிப் பத்துக் கொட்டைகளைத் தயார் செய்யுங்கள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், நாற்பது பேரும் ஒவ்வொருவராக உருட்டி, எத்தனை வெள்ளை விழுந்தது என்று குறித்துக்கொள்ளட்டும். ஒருவருக்கு எட்டு விழும். இன்னொருவருக்கு இரண்டுதான் விழும். இப்போது எட்டு எடுத்த 'வீரரை' மறுபடி உருட்டச் சொல்லுங்கள். மீண்டும் எட்டு வருவது அரிது. பெரும்பாலும் வகுப்பின் சராசரிக்கு அருகில்தான் வந்து நிற்பார். இரண்டு எடுத்தவரும் பெரும்பாலும் மேலே ஏறி அதே இடத்துக்கு வருவார். முதல்வருக்குக் கை தளர்ந்துவிடவுமில்லை, கடைசியில் இருந்தவர் இடையில் பயிற்சி எடுக்கவுமில்லை. கொட்டை உருட்டுவதில் திறமை என்று ஒன்று கிடையாது, முழுக்கத் தற்செயல்.

கிரிக்கெட்டில் திறமை உண்டு. ஆனால் தற்செயலும் கூடவே வருகிறது. விளிம்பில் பட்ட பந்து கைக்குப் போகிறதா, எல்லைக்குப் போகிறதா என்பது சில அங்குலங்களில் இருக்கிறது. 2025 ஜூலை 6 அன்று நத்தத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் அணி 102 ரன்னுக்குச் சுருண்டு, திருப்பூர் அணியிடம் 118 ரன் வித்தியாசத்தில் தோற்றது. இறுதிவரை வந்த அணிதான் அது! எனவே, ஒருநாள் மிகப்பெரிய எண்ணிக்கை எடுத்தவரிடம் திறமையோடு அன்றைய அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. அடுத்த நாள் திறமை கூட வரும். அதிர்ஷ்டம் வருமென்று சொல்ல முடியாது. இதைச் 'சராசரிக்குத் திரும்புதல்' என்பார்கள். உயரமான பெற்றோரின் பிள்ளைகளின் உயரம் சராசரியை நோக்கிச் சற்றே இறங்குவதைக் கொண்டு 1886-ல் இதை விளக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன்.

சரி, இதை வைத்து எப்படித் தேர்வது? ஒரு கணக்குப் போடுவோம். முருகன் புதியவன், ஆடியது ஒரே ஆட்டம், எடுத்தது 74 ரன். செல்வம் 20 ஆட்டங்கள் ஆடியவன். மொத்தம் 640, அதாவது சராசரி 32. ஆனால் நேற்று 4 ரன்னில் அவுட். யாரை இறக்குவீர்கள்?

எல்லா மட்டையாளர்களின் சராசரி 20 என்று கொள்வோம். இருவர் கணக்கிலும், 20 ரன் வீதம் ஆறு கற்பனை ஆட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். முருகனுக்கு 74-உடன் 120 சேர்த்து 7-ஆல் வகுத்தால் 27.7. செல்வத்துக்கு 640-உடன் 120 சேர்த்து 26-ஆல் வகுத்தால் 29.2. செல்வமே முந்துகிறான். ஒரே ஆட்டம் ஆடியவனைக் கற்பனை ஆட்டங்கள் பலமாகச் சராசரியை நோக்கி இழுக்கின்றன. இருபது ஆடியவனை அவ்வளவாக அசைக்க முடிவதில்லை.

1977-ல் எஃப்ரான், மாரிஸ் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் இதைப் போன்றதொரு முறையைப் பேஸ்பால் ஆட்டத்தில் சோதித்துக் காட்டினார்கள். 1970-ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 வீரர்களின் முதல் 45 முயற்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முன்னணியில் இருந்த கிளெமென்ட்டே 45-ல் 18 முறை வென்றிருந்தார், நூற்றுக்கு 40. பதினெட்டுப் பேரின் சராசரியோ நூற்றுக்கு 26.5. ஒவ்வொருவரையும் அந்தச் சராசரியை நோக்கி இழுத்து மதிப்பிட்டார்கள். மீதிப் பருவத்தின் முடிவோடு ஒப்பிட்டபோது, 18 பேரில் 16 பேருக்கு இழுத்த மதிப்பே உண்மைக்கு அருகில் இருந்தது. கிளெமென்ட்டே மீதிப் பருவத்தில் நூற்றுக்குச் சுமார் 35-தான் எடுத்தார். ஆனால் அவருக்கு இட்ட மதிப்பு சுமார் 29.  உண்மையான மேதையை இந்த முறை கொஞ்சம் குறைத்துத்தான் எடைபோடும்.

ரன்னை மட்டும் பார்ப்பதைவிட, எத்தனை பந்து ஆடக் கிடைக்கும் என்று பார்ப்பது மேல். இருபது ஓவரில் 120 பந்துகள். தொடக்க ஆட்டக்காரருக்கு அதில் பெரும்பங்கு கிடைக்கலாம்; ஏழாவதாக வருபவருக்குப் பத்துப் பந்து மிஞ்சினாலே பெரிது. பந்துவீச்சாளர் என்றே உலகம் அறிந்த அஸ்வின், 2024-ல் திண்டுக்கல் தலைவராக வரிசையில் முன்னேறி வந்து ஆடினார். ஆகஸ்ட் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 52 ரன் எடுத்தார். கோவை அணியை வென்று திண்டுக்கல் முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. பழைய சராசரியை மட்டும் புரட்டியவர்கள் அவரை மட்டையாளராகக் குறித்திருக்கமாட்டார்கள். ஆடும் இடம் மாறினால் பழைய கணக்கு பாதி செல்லாது.

இன்னொன்று. ஒருவர் 30, 32, 28, 30 எடுக்கிறார். மற்றவர் 0, 75, 5, 40. இருவர் சராசரியும் 30-தான். நீங்கள் முன்னணியில் இருந்தால் முதலாமவரையும், மிகவும் பின்தங்கியிருந்தால் இரண்டாமவரையும் எழுதுங்கள்.

'ஆறு கற்பனை ஆட்டம் என்றீர்களே, ஏன் ஆறு?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. நான்கு என்று வைத்துப் பாருங்கள்: முருகனுக்கு 30.8, செல்வத்துக்கு 30. தீர்ப்பே மாறிவிடுகிறது! சரியான எண்ணைப் பழைய ஆட்டக் குறிப்புகளிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் பள்ளி அணியின் சென்ற ஆண்டு நோட்டை எடுங்கள். 2, 4, 6, 10 என்று மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, அடுத்த ஆட்டத்தின் ரன்னுக்கு எது மிக அருகில் வருகிறது என்று பாருங்கள்.