பேய் வீட்டு வாசலில் நிற்பவர்

பட்டணத்தில் பன்பேர் நடந்தால் பிள்ளைகளைச் சமாளிப்பது பெரும்பாடு. ராட்டினம் ஏறி, பஞ்சு மிட்டாய் தின்று, கடைசியில் அவர்கள் நம் கையைப் பிடித்து இழுப்பது பேய் வீட்டுக்குத்தான். உள்ளே எலும்புக்கூடு, தொங்கும் கை, இருட்டில் ஒரு சிரிப்பு. வீடு திரும்பிய பிறகும் ஒரு வாரத்துக்கு அதே பேச்சு. ஆனால் வாசலில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கள்" என்று கை காட்டி நிறுத்துகிறாரே ஓர் ஆள், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வீட்டில் பேய்களைவிட முக்கியமானவர் அவர்தான்.

ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு வேகமாக வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், கிராணி நிறுத்து எழுதும் வேகத்தில்தான் வரிசை நகரும். பின்னால் நிற்பவர் அவசரப்பட்டுத் தள்ளினால் பால் சிந்துமே தவிர வரிசை ஓடாது. பேய் வீடும் அப்படித்தான். பத்து அறைகளில் ஒன்பது அறைகளை மக்கள் அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். ஒரே ஓர் அறையில் ஒரு நிமிடம் நின்றார்களானால், வீடு முழுவதற்கும் அந்த ஒரு நிமிடம்தான் கணக்கு.

ஒரு கூட்டத்துக்கு ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு கூட்டம் உள்ளே போனால் மணிக்கு 360 பேர். வெளியே ஆயிரம் பேர் நின்றால், கடைசி ஆள் நுழைய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். இங்கேதான் முதலாளிக்கு ஆசை பிறக்கிறது. "அரை நிமிடத்துக்கு ஒரு கூட்டத்தை விடப்பா" என்பார். விட்டால் என்ன ஆகும்? இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தின் முதுகில் போய் இடிக்கும். பேய் எங்கிருந்து குதிக்கிறது என்பதை முன்னதாகவே பார்த்துவிடும். பயம் போய்விடும், பணமும் வீண். அதைவிட மோசம், இருட்டில் குறுகலான வழியில் முன்னால் இருப்பவர் பயந்து நிற்க, பின்னால் வருபவர் தெரியாமல் தள்ளுவார். பயந்த மனிதன் முன்னே ஓடமாட்டான். நின்றுவிடுவான், அல்லது வந்த வழியே திரும்புவான்.

தொழில் தெரிந்தவர்கள் இதற்கு வேறு வழி செய்கிறார்கள். நேரம் பிடிக்கும் அறையை இரண்டாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை இடப்பக்கமும் அடுத்த கூட்டத்தை வலப்பக்கமும் அனுப்புவார்கள். வேடமிட்டவர் எதிரே வந்து மறிக்காமல், பின்னாலிருந்து கத்துவார். அலறிக்கொண்டு எல்லோரும் முன்னே போவார்கள். பயமுறுத்தியதும் ஆயிற்று, வழி காலியானதும் ஆயிற்று!

அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்தில் இதே தலைவலி பெரிய அளவில் வந்தது. அங்கே பேய் மாளிகையின் வெளிப்புறம் 1963-இல் எழும்பிவிட்டது. திறந்ததோ 1969 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் அவர்களை வாட்டிய கேள்விகளில் ஒன்று, இத்தனை கூட்டத்தை எப்படி நடத்திக்கொண்டு போவது என்பது. முதலில் நடந்து பார்க்கும்படிதான் திட்டமிட்டார்கள். கடைசியில் நடையையே பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். சங்கிலிபோல் கோத்த சிறு வண்டிகள் நிற்காமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். கூடவே நகரும் தரையில் கால் வைத்து ஏறி உட்கார வேண்டியதுதான். எந்தப் பேயைப் பார்க்கவேண்டுமோ அந்தப் பக்கம் வண்டியே திரும்பிக் காட்டும். வாய் பிளந்து நிற்பவரும் இல்லை, திரும்பி ஓடுபவரும் இல்லை. மணிக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்க்க முடிகிறது. அதற்கு முன் ஓர் அறையில் கூட்டத்தை அடைத்துக் கதவைச் சாத்துவார்கள். சுவர் நீள்வதுபோல் தோன்றும். உண்மையில் அந்த அறையே ஒரு மின்தூக்கி. கூட்டத்தை நிலத்துக்கு அடியில் இறக்கி, ரயில் பாதையைக் கடக்கச் செய்கிறது. காத்திருக்கும் நேரத்தையே வேடிக்கையாக்கிவிட்டார்கள், பாருங்கள்.

இனிச் சொல்லப்போவது வேடிக்கையல்ல.

1984 மே 11. நியூ ஜெர்சி மாநிலத்தில் கிரேட் அட்வென்ச்சர் என்ற பூங்காவில் இருந்த பேய்க் கோட்டை தீப்பிடித்தது. லோரிகள் இழுத்துச் செல்லும் பெட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியது அது. தற்காலிகக் கட்டடம் என்று சொல்லப்பட்டதே தவிர, ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. உள்ளே இருண்ட, வளைந்த வழி. சுவரில் மோதினால் அடிபடாமல் இருக்க மெத்தைபோல் ஸ்பஞ்சு ஒட்டியிருந்தார்கள். யாரோ ஓர் இளைஞர் வழி தெரியாமல் லைட்டரைக் கொளுத்தினார், ஸ்பஞ்சில் தீப் பற்றியது என்பது விசாரணையில் வந்த செய்தி. புகையை உணர்ந்து மணியடிக்கும் கருவி இல்லை. தண்ணீர் பீய்ச்சும் குழாய் இல்லை. எட்டு இளம் பிள்ளைகள் மாண்டார்கள். மறு ஆண்டு நடந்த வழக்கில் நிறுவனம் குற்றவாளியல்ல என்று ஜூரிகள் சொன்னார்கள்.

வழி தெரியாமல் இருப்பதுதான் பேய் வீட்டின் கவர்ச்சி. ஆபத்து வந்தால் அதுவே எமன். ஆகவே பிற்பாடு அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் இப்படிப்பட்ட வீடுகளுக்கென்று தனியாகக் கடுமையாக்கப்பட்டன. புகை தெரிந்தவுடன் அலறல் சத்தம் தானாக நிற்கவேண்டும், விளக்குகள் தானாக எரியவேண்டும், வெளியேறும் வழி பளிச்சென்று தெரியவேண்டும் என்றெல்லாம் வகுத்தார்கள்.

நம் பிள்ளைகளும் மன்ற விழாவுக்கோ பள்ளி நிதிக்கோ மண்டபத்தில் ஒரு பேய் வீடு கட்டிப் பார்க்க ஆசைப்படலாம். தடுக்கவேண்டியதில்லை. சாக்குத் துணி, காகிதம், ஸ்பஞ்சு இவற்றின் பக்கத்தில் மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம். டார்ச் லைட் போதும். நுழைய ஒரு கதவு, வெளியேற வேறொரு கதவு இருக்கட்டும். இரண்டாவது கதவைப் பூட்டாதீர்கள். நடுவில் அழுகிற குழந்தையை உடனே வெளியே கொண்டுவர ஒரு திரை மறைவு வழியும் வையுங்கள். விளக்கு விசை எங்கே என்று பேய் வேடமிட்ட ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

வாசலில் விளையாட்டுப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். நிதானமான ஓர் அண்ணனோ அக்காவோ நிற்கட்டும், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன். வெளிக் கதவிலும் ஒருவர் நிற்கட்டும். ஆறு பேர் உள்ளே போனார்கள் என்றால் ஆறு பேர் வெளியே வந்தார்களா என்று இருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்துதான் என்றால் விளக்கைப் போட்டு, உள்ளே போய்ப் பார்த்த பிறகே அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கவேண்டும்.