சீரகத்தை முழுதாக வாங்கி, வீட்டில் இடியுங்கள்

மிளகாய், மல்லி சொந்தக் காட்டிலேயே விளைந்துவிடும். சீரகம் அப்படியல்ல, குஜராத், ராஜஸ்தான் பக்கம் பனிக்காலத்தில் விளையும் பயிர். காசு கொடுத்துத்தான் வாங்கியாக வேண்டும். பொடியாக வாங்கினால் அதில் என்ன கலந்திருக்கிறதோ, கண்ணுக்குத் தெரியாது. முழுச் சீரகத்திலும் கரித்தூள் பூசிய புல் விதையைக் கலக்கிறவர்கள் உண்டு. கடையிலேயே ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கலாம். கை கறுத்தால் கலப்படம்தான்.

சீரகத்தின் மணம் அதிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. இடித்துவிட்டால் அது மெல்லப் பறந்துவிடும். ஆகவே ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வெறும் சட்டியில் இளந்தீயில் வறுக்க வேண்டும். வாசனை எழுந்ததும் இறக்கிவிட வேண்டும், கருகினால் கசக்கும். ஆறிய பிறகு இடித்து, ஈரமில்லாத புட்டியில் இறுக மூடி வைக்கலாம். ரசம் நுரை கட்டும்போது அரைத் தேக்கரண்டி தூவி இறக்கினால் போதும். காட்டுக்குக் கொண்டுபோகும் மோருக்கு ஒரு சிட்டிகை.