உங்களுக்குத் தெரியுமா? சூரியனுக்குப் பீரங்கி வெடிக்கும் வார்டோ

நோர்வே என்றதும் நம் இலங்கையில் சமாதானத் தூதர் எரிக் சொல்ஹெய்மும் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்தமுறை அரசியலை விட்டுவிட்டு மீனைப் பேசுவோம். அந்த நாட்டின் வடகிழக்கு முனையில், பேரன்ட்ஸ் கடலோரத்தில் வார்டோ என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. சனத்தொகை ஏறத்தாழ 2,000. சாய்ந்தமருதில் ஒரு மூலைக்குள் மொத்த ஊரையும் குடியேற்றிவிடலாம்.

✦

நோர்வே மேற்கு ஐரோப்பிய நாடுதானே? ஆனால் வார்டோ இருப்பது 31 பாகை கிழக்கில். வரைபடத்தில் பாருங்கள், இஸ்தான்புல்லும் சென் பீட்டர்ஸ்பேர்க்கும் அதற்கு மேற்கே கிடக்கின்றன. வடக்கே 70 பாகை, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால். 1789இல் ஹம்மர்ஃபெஸ்ட்டும் வார்டோவும் ஒன்றாக நகர அந்தஸ்துப் பெற்றன. வட நோர்வேயின் முதல் இரண்டு நகரங்கள் இவைதான்.

✦

கார்த்திகை, மார்கழியில் வாடை பெயர்ந்தால் கல்முனைக் கரையில் தோணிகள் மணலில் ஏறிவிடும், கரைவலை மடிந்துவிடும். அங்கே நிலைமை தலைகீழ். கொட் மீன் முட்டையிடக் கரையை நாடி வருவதே ஜனவரிக்குப் பிறகுதான். அடுத்து, கபெலின் என்ற பொடிமீன் கூட்டங்கூட்டமாகக் கரைக்கு வர, அதைத் தின்ன இன்னொரு கொட் கூட்டம் துரத்திக்கொண்டு வரும். பனி கொட்டும் காலந்தான் உழைக்கும் காலம்.

அந்தக் குளிரில் கடல் உறைந்துவிடாதா? உறையாது. அத்திலாந்திக்கின் தெற்கிலிருந்து ஓடிவரும் வெந்நீரோட்டம் நோர்வேக் கரையைத் தடவிக்கொண்டே வடக்கே போகிறது. துறைமுகம் வருடம் முழுக்கத் திறந்திருக்கும்.

✦

நவம்பர் கடைசியில் அடிவானத்துக்குக் கீழே இறங்கும் சூரியன் ஜனவரி 20 வாக்கில்தான் திரும்ப வருகிறது. ஏறத்தாழ இரண்டு மாதம் பகலே இல்லை, நண்பகலில் ஒரு நீல மங்கல் மட்டும். வட்டம் முழுசாக வெளியே வந்த நாளில், 1738இல் கட்டி முடித்த நட்சத்திர வடிவக் கோட்டையிலிருந்து ஒரு பீரங்கி வெடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. பெருநாளைக்குப் பிறை பார்க்கும் ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேகம் மறைத்தால் அங்கும் மறுநாள்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

✦

இதன் மறுபக்கம், மே நடுப்பகுதி முதல் ஜூலை கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. நம் வாசகர்கள் உடனே கேட்கப்போவது தெரியும்: றமழான் அப்போது வந்தால் நோன்பு திறப்பது எப்போது? மார்க்க அறிஞர்கள் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். இரவும் பகலும் ஒழுங்காக வரும் அருகிலுள்ள ஊரின் நேரத்தைப் பின்பற்றலாம், அல்லது மக்கா நேரத்தைப் பின்பற்றலாம். வட நோர்வேயின் பெரிய நகரமான துரொம்சோவில் உள்ள முஸ்லிம்கள் மக்கா நேரத்தை எடுத்துக்கொண்டார்கள். யன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கப் பேரீச்சம்பழம் வாய்க்குப் போகும்.

✦

பாண்டிச்சேரிக்கும் வார்டோவுக்கும் ஒரே இரவில் ஒரு தொடர்பு உண்டு. 1769 ஜூன் 3ஆம் திகதி வெள்ளிக்கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட அதுவே அந்தக் காலத்தவருக்கு நல்ல வாய்ப்பு. வியன்னாவின் யேசுசபைத் துறவி மக்சிமிலியன் ஹெல், டென்மார்க் அரசரின் அழைப்பில் வார்டோவுக்குப் போனார். (நோர்வே அப்போது டென்மார்க் ஆட்சியில்.) நடுநிசியிலும் சூரியன் நிற்கும் ஊர் என்பதால்தான் அவ்வளவு தூரம் போனார். வானம் வழிவிட்டது, பார்த்துவிட்டார்.

பிரெஞ்சுக்காரர் லெ ஜெந்தீல் இதற்காகவே பாண்டிச்சேரியில் காத்திருந்தார். 1761இல் நடந்த முந்தைய கடப்பின்போது, பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் போனதால் அவர் கடலில் தத்தளித்தார். ஆடும் கப்பலில் எதை அளப்பது? ஊருக்குப் போகாமல் எட்டு வருடம் காத்திருந்தார். இம்முறை கண்காணிப்பு மேடை, தொலைநோக்கி எல்லாம் தயார். விடியற்காலையில் மேகம் மூடிற்று. கடப்பு முடிந்தபின் வெயில் பளீரென்று அடித்தது. பிரான்சுக்குத் திரும்பிப் போனால், ஆள் செத்துவிட்டார் என்று உறவுக்காரர் சொத்தைப் பங்குபோடத் தொடங்கியிருந்தார்கள்.

வெற்றி பெற்ற ஹெல்லுக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகள் போனபின், 1835இல், லிட்ரோ என்ற வானியலாளர் குறிப்பேட்டைப் புரட்டி, ‘வேறு மையால் எண்களைத் திருத்தியிருக்கிறார், மோசடி’ என்று எழுதிவிட்டார். 1883இல் அமெரிக்கர் சைமன் நியூகோம் அதே ஏட்டைப் பார்த்தார். மை வேறில்லை. லிட்ரோவுக்கு நிறக்குருடு! ஹெல்லோடு போன உதவியாளர் சாய்னோவிச்சும் சும்மா இருக்கவில்லை. அங்குள்ள பழங்குடிகளான சாமி மக்களின் மொழிக்கும் தன் தாய்மொழியான ஹங்கேரியனுக்கும் உறவு இருக்கிறது என்று கண்டுபிடித்து, 1770இல் நூலாக்கினார்.

✦

1617, நத்தாருக்கு முந்தைய நாள். வார்டோவிலும் பக்கத்துக் கீபெர்க்கிலும் இருந்து கடலுக்குப் போன பத்துப் படகுகள் திடீர்ப் புயலில் கவிழ்ந்து 40 ஆண்கள் மாண்டார்கள். சில வருடங்களில், அந்தப் புயலைச் சூனியத்தால் எழுப்பினார்கள் என்று பெண்களைப் பிடித்து விசாரித்தார்கள். தண்ணீரில் தூக்கிப் போட்டு, மிதந்தால் குற்றவாளி என்றார்கள். அந்த நூற்றாண்டில், வார்டோ அமைந்த பின்மார்க் மாகாணத்தில் சூனியக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் 91 பேர். பெரும்பாலானவர்கள் பெண்கள், ஆண்களில் சாமி இனத்தவர் அதிகம்.

2011இல் வார்டோக் கரையில் அவர்களுக்கு நினைவிடம் எழுந்தது. கட்டடக்கலைஞர் பீட்டர் சும்தோர் அமைத்த நீண்ட ஒடுங்கிய கூடத்தில் ஆளுக்கொரு சின்ன யன்னல், யன்னலுக்கொரு மின்குமிழ், பக்கத்தில் அந்த ஆளின் பெயரும் வழக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையிலும் ‘யார் செய்த பாவமோ’ என்று பேசியவர்கள் இருந்தார்கள். நல்லவேளை, அது பேச்சோடு போயிற்று.

✦

வலை போட்ட கை, மீன் வெட்டிய கை எல்லாம் வடநாட்டார் கை என்று நினைக்கவேண்டாம். 1980களிலிருந்து பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் நம் நாட்டுத் தமிழர்கள் நின்றிருக்கிறார்கள். முதலில் வந்தவர்களில் பலர் ‘மக்கள் உயர்பள்ளி’ எனப்படும், பரீட்சையில்லாத விடுதிப் பள்ளிகளுக்கு மாணவராக வந்தவர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் கூடிற்று. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. தொழிற்சாலைக்கு ஆள் வேண்டும், வந்தவர்களுக்கு வேலை வேண்டும்.

வேலை இதுதான்: ரப்பர் சப்பாத்தும் கையுறையும் போட்டு, கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசைக்கு முன்னால் நிற்கவேண்டும். தோலுரித்த கொட் துண்டு ஒவ்வொன்றாக வரும். வெளிச்சத்தில் சதை பால்போலத் தெரியும், முள்ளும் புழுவும் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். கத்தி நுனியால் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்த துண்டு. மாலைவரை அதே குளிர், அதே ஈரம்.

இப்படியொரு பின்மார்க் மீனவ ஊரில் தமிழரோடு பழகி ஆராய்ந்த நோர்வே மானிடவியலாளர் ஆன் சிக்ஃப்ரிட் குரோன்செத் 2010இல் ஒரு நூல் எழுதினார். தமிழர்கள் ‘உடம்பெல்லாம் நோகுது’ என்று மருத்துவரிடம் திரும்பத் திரும்பப் போகிறார்கள், மருத்துவருக்கோ ஒரு நோயும் பிடிபடவில்லை. சொந்தபந்தமும் கோயிலும் சடங்கும் இல்லாத இடத்தில் மனசின் இழப்பே உடம்பில் நோவாக வருகிறது என்பது அவர் வாதம். பிள்ளைகள் படிக்கத் தொடங்கியதும் பலர் ஒஸ்லோவுக்குப் பெயர்ந்துவிட்டார்கள்.

✦

நோர்வே மண்ணை மிதித்த முதல் ஈழத்தமிழர் என்று பலரும் சொல்லும் அந்தோனி ராஜேந்திரமும் மீனோடு தொடர்புள்ளவரே. யாழ்ப்பாணம் குருநகர்க்காரர், 1956இல் போனவர். பின்னர் நோர்வேக்காரரான ஆர்னே ஃபியோர்தொஃப்டோடு சேர்ந்து 1960களில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. போர் அதன் வளர்ச்சியைத் தின்றது. சீநோர் இன்று இலங்கை அரசுக்குச் சொந்தம்.

✦

நாம் உப்பிட்டு வெயிலில் கருவாடு போடுகிறோம். அங்கே உப்பும் இல்லை, வெயிலும் இல்லை. கொட் மீனைச் சோடியாக வாலில் கட்டி, மரப் பரணில் தொங்கவிட்டால் குளிர்காற்றே மூன்று மாதத்தில் விறகாக்கிவிடும். வருடக்கணக்கில் கெடாது. நல்லவை இத்தாலிக்குப் போகும், தலைகள் நைஜீரியாவுக்கு. நைஜீரியாவில் அந்தத் தலை இல்லாமல் சில சாறுகளே இல்லையாம்.

தலை போகுமுன் நாக்கை வெட்டி எடுப்பது வட நோர்வேயில் பிள்ளைகளின் உரிமை. நிமிர்ந்து நிற்கும் இரும்பு முள்ளில் தலையைக் குத்தி, ஒரே வெட்டில் நாக்கைப் பிரித்து வாளிக்குள் போடுவார்கள். விற்ற காசு அவர்களுக்கே. இதற்குப் போட்டியும் நடக்கிறது.

✦

ரஷ்யா கூப்பிடு தூரம். பழைய காலத்தில் ரஷ்ய வியாபாரிகள் ரை மாவும் மரமும் கொண்டுவந்து மீனுக்கு மாற்றிப் போனார்கள். இரு பக்கமும் கலந்து, சில நூறு சொற்களில் ஒரு சந்தை மொழியே பேசினார்கள். 1917 புரட்சியோடு வியாபாரமும் மொழியும் ஓய்ந்தன. இப்போது ஊருக்கு மேலே ரஷ்யாவைப் பார்த்தபடி ராடார் நிற்கிறது. ஆனாலும் பேரன்ட்ஸ் கடலில் யார் எவ்வளவு கொட் பிடிப்பது என்பதை இரு நாடுகளும் 1970களிலிருந்து கூட்டு ஆணைக்குழுவில் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 2022 உக்ரேன் போருக்குப் பிறகும் அது கலையவில்லை. 2025க்கு விதித்த மொத்த அளவு 340,000 தொன், 1991க்குப் பின் அதுவரை விதித்ததில் அதுவே குறைவு. பாக்கு நீரிணையில் இழுவைப் படகுச் சண்டைக்கு இன்னும் கூட்டங்கூட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்கலாம்.

✦

போக ஆசையா? வார்டோ ஒரு தீவு. பெருநிலத்தோடு அதை இணைப்பது 1982இல் திறந்த 2.9 கிலோமீற்றர்ச் சுரங்கப்பாதை, நோர்வேயில் கடலுக்கடியில் போட்ட முதல் தெருச் சுரங்கம். விமான நிலையம் பெருநிலத்தில் இருக்கிறது. பேர்கனிலிருந்து கிர்கெனெஸ் போகும் கரையோரக் கப்பலும் தொட்டுப் போகும். ஹோர்னோயா தீவின் கடற்பறவைகளைப் பார்க்க வசந்தத்திலோ கோடையிலோ போகவேண்டும். பீரங்கிச் சத்தம் கேட்க ஜனவரியில், தடித்த சட்டையோடு.